நாற்பது கிலோ அம்மாச்சி

பேரையூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் அத்தைக்கு முட்டிவலிதான் போனபாடில்லை. வலி மாத்திரை அட்டையை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்துப் பென்ஷன் வாங்குகிறவன் வீட்டில் இதுதான் நிலைமை.

நேற்று போனில் உன் தேர்வுப் படிப்பைப் பற்றி நீ அழாத குறையாகச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "மாமா, பார்மசூட்டிக்ஸ் ஏறுது, சட்டம்கூட ஏறுது, இந்தக் கிளினிக்கல் பார்மசி மட்டும் சல்லடையில தண்ணி ஊத்துன மாதிரி ஓடிருது" என்றாய். அதற்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை எனக்கு. பக்கத்தில் டி.வி. ஓடும், நடுவில் யாராவது "கம்பவுண்டர் ஐயா" என்று வாசலில் நிற்பார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடுதி அறைச் சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். நாலு கலர் மையில் அட்டவணை, மருந்து, வகை, வேலை, பக்கவிளைவு என்று வரிசை வரிசையாக. ரொம்ப அழகு. ஆனால் அது பரணில் அடுக்கிய பித்தளைப் பாத்திரம், தாயி. விருந்தாள் வந்து நிற்கும்போது ஏணி போட்டு இறக்க நேரம் இருக்காது.

புத்தகம் மருந்தில் ஆரம்பித்து ஆளிடம் போகிறது. எனலாப்ரில், அதன் வேலை, அதன் பக்கவிளைவு, யாருக்குக் கூடாது என்று. கேள்வித்தாளில் வருவது தலைகீழாக வரும். இத்தனை வயது, இன்ன நோய், இந்த மருந்தெல்லாம் சாப்பிடுகிறார், இப்போது வறட்டு இருமல், எதனால் என்று கேட்பான். கவுண்டரிலும் அப்படித்தான், ஆள்தான் முதலில் வந்து நிற்பார். நீ ஒரு பக்கமிருந்து நடந்து பழகிவிட்டு, எதிர்ப்பக்கமிருந்து வரச் சொன்னதும் வழி தெரியவில்லை என்கிறாய். மறதி என்று நீ நினைப்பதில் பாதி இதுதான். மருந்தைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடாதே. ஆளைப் பிடித்துக்கொள், மருந்துகள் தானே வரும்.

நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், கவுண்டர் ஓரம் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். மருந்து கொடுத்த சீட்டுகளை அதில் குத்தி வைப்போம். கூட்டம் ஓய்ந்த பிறகு அதிலிருந்து பத்துச் சீட்டை உருவி, டீ ஆறும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஆள் ஏன் இரண்டு வலி மாத்திரை சாப்பிடுகிறார், இந்தப் பிள்ளைக்கு இந்த டானிக் அளவு சரியா என்று. யாரும் செய்யச் சொல்லவில்லை. வேறு வேலை இல்லாததால் செய்தேன். நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தக் கம்பியில் கற்றதுதான்.

உனக்காக ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். பல பேரைக் கலந்து நானே உண்டாக்கிய ஆள். 70 வயது அம்மாச்சி, எடை 40 கிலோ, கிரியாட்டினின் 1.2. சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிபென்கிளமைடும், பிரஷருக்கு எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு ஃப்ரூசமைட், முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக். ஐந்தே மருந்து. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் திங்கட்கிழமை காலை வரிசையில் நின்று பார், இவளை மாதிரி பத்துப் பேராவது இருப்பார்கள்.

முதலில் அந்த 1.2. லேப் தாளில் அதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்காது, இருந்தாலும் மயிரிழை ஏற்றம் என்று தாண்டிப் போய்விடுவோம். நானும் ரொம்ப வருஷம் தாண்டிப் போனவன்தான். சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று பார்க்கக் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைப் போடு. 140-இல் வயதைக் கழித்தால் 70. எடை நாற்பதால் பெருக்கினால் 2800. அதை 72 பெருக்கல் 1.2, அதாவது 86.4-ஆல் வகுத்தால் 32.4. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கு. நிமிஷத்துக்கு 27.5 மில்லி. இதே 1.2 உள்ள 25 வயது, 65 கிலோ பையனுக்குப் போட்டுப் பார், 86 தாண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அம்மாச்சி உடம்பில் தசை எங்கே இருக்கிறது? அதனால் சிறுநீரகம் முக்கால் பங்கு படுத்துவிட்ட பிறகும் தாளில் எண் நல்லபிள்ளையாக நிற்கிறது.

இந்தக் கணக்கைக் கையால் ஐம்பது தடவையாவது போடு. சூத்திரம் மனப்பாடம் ஆவதற்கு மட்டும் சொல்லவில்லை. வயதும் எடையும் எப்படி எண்ணைப் புரட்டிப்போடுகின்றன என்பது கைக்குத் தெரிய வேண்டும்.

இப்போது மருந்துகளைப் பார். கிளிபென்கிளமைடின் சிதைபொருள்களுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் வேலை உண்டு, அவை சிறுநீரகம் வழியாகப் போக வேண்டியவை. 27.5-இல் அவை போகாமல் தங்கும். அம்மாச்சி காலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிறாள். பதினொரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து மரத்தடியில் சாய்கிறாள். வெயில் தாங்கவில்லை என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். சர்க்கரை கொடுத்து எழுப்பினாலும் சாயங்காலம் மறுபடி இறங்கும், ஏனென்றால் மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. இதே இடத்தில் கிளிபிசைடு ஏன் மேல் என்று கேள்வி வந்தால், அதன் சிதைபொருள்களுக்கு அந்த வேலை இல்லை என்பது இனி உனக்கு மறக்காது.

எனலாப்ரில், ஃப்ரூசமைட், டைக்ளோஃபினாக் மூன்றும் ஒரே வீட்டில் குடியேறினால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. ஒன்று உடம்பு நீரைக் குறைக்கிறது, ஒன்று சிறுநீரகத்தின் வடிமுடிச்சுக்கு (குளோமெருலஸ்) ரத்தம் வரும் குழாயைச் சுருக்குகிறது, ஒன்று வெளியே போகும் குழாயை விரிக்கிறது. எது எந்தக் குழாயை என்று நான் சொல்லப்போவதில்லை. படம் வரைந்து நீ கண்டுபிடி.

மெட்ஃபார்மினில்தான் ஒரு பொறி இருக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே கூடாது என்று படித்திருப்பாய். 27.5 வந்துவிட்டதே, நிறுத்து என்று குதிக்காதே. அந்த 30 என்பது ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கில் சொன்னது, நீ போட்டது வேறு கணக்கு. லேப்காரர்கள் இப்போது போடும் சூத்திரத்தில் எடையே கிடையாது. அதில் இதே அம்மாச்சிக்கு 49 வரும். ஒரே ஆள், ஒரே ரத்தம், இரண்டு எண். கேள்வி எந்த எண்ணைத் தருகிறது என்று பார்த்துத்தான் விடையைத் தொட வேண்டும். நிஜ வாழ்க்கையில் இரண்டையும் டாக்டர் முன்னால் வைக்க வேண்டும். சீட்டைத் திருத்துவது நம் வேலையில்லை. சீட்டோடு எழுந்து டாக்டர் அறைக்கு நடந்துபோவது நம் வேலை. முதல் இரண்டு தடவை அவர் முறைப்பார். மூன்றாவது தடவை அவரே கூப்பிட்டுக் கேட்பார்.

ஒரு சீட்டில் இவ்வளவு இருக்கிறது. அதையே நீ மாற்றி மாற்றி விளையாடலாம். அட்டெனாலால் சேர்த்துவிடு. சர்க்கரை இறங்கும்போது நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும், வேர்வை மட்டும் மறையாது. அம்மாச்சியை எழுப்பிவிட்டு அவள் பேத்தியை உட்கார வை, ஐந்து மாத கர்ப்பிணி. எனலாப்ரில் ஓடிப்போக வேண்டும், மெத்தில்டோபாவோ லபெட்டலாலோ வர வேண்டும். தாத்தாவை உட்கார வை, இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுகிறவர். வயிற்றுப்போக்குக்கு யாரோ மெட்ரோனிடசோல் எழுதிவிட்டார்கள், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எகிறும். அதே தாத்தா வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருக்கிறது. கீரை வார்ஃபரினோடு மோதும், அதற்காக அதை அடியோடு விடச் சொல்லாதே. அளவை மாற்றாமல் சாப்பிடச் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க ஒன்றுமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டி கீரை என்பதுதான் வம்பு. சதுரகிரி மலைக்குப் போய் வந்தவர்கள் மூட்டை மூட்டையாகப் பொடி வாங்கி வருவார்கள், அதையும் கேட்டுத் தெரிந்துகொள். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். "நாட்டு மருந்து, சூரணம், பொடி ஏதாச்சும்?" என்று பேர் சொல்லிக் கேட்டால்தான் மடியை அவிழ்ப்பார்கள்.

சரி, இப்போது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அரசு வேலை கிடைப்பதற்கு முன் ஒரு மருந்துக்கடையில் இருந்தேன். ஊரும் கடையும் வேண்டாம், தப்பு என்னுடையது. விரல் முட்டியெல்லாம் வீங்கிய ஒரு சம்சாரி சீட்டோடு வந்தார். மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு தடவை மூன்று மாத்திரை, நாலு வாரத்துக்கு. பன்னிரண்டு மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். சாயங்காலக் கூட்டம், பின்னால் நாலு கை நீண்டுகொண்டிருக்கிறது. "வாரம் ஒரு தடவை, மூணு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை வாங்கிவிட்டேன். அவர் காதில் விழுந்தது "ஒரு தடவை மூணு" மட்டும்.

எட்டாம் நாள் வந்தார். "தம்பி, வாயெல்லாம் வெந்து கெடக்கு. கஞ்சி எறங்கல. ஒரு பி-காம்ப்ளக்ஸ் குடுங்க" என்றார். நான் கொடுத்தேன். சில்லறையும் கொடுத்துவிட்டேன். அவர் படியிறங்கும்போது சட்டைப் பையிலிருந்து பழைய உறையை எடுத்து என் குப்பைத் தொட்டியிலேயே போட்டார். என் கையெழுத்து. காலி. நாலு வாரத்து மாத்திரை நாலு நாளில் தீர்ந்திருக்கிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அன்றைக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். பிற்பாடு ஒரு தடவை சந்தையில் பார்த்து "நல்லாருக்கீங்களா தம்பி" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

உன் புத்தகத்தில் இது ஒரு வரி. மெத்தோட்ரெக்சேட் நச்சு, வாய்ப்புண், வெள்ளணுக்கள் இறக்கம், முறிமருந்து ஃபோலினிக் அமிலம். கேள்வியில் வரும் நாலு விடைகளில் ஃபோலிக் அமிலமும் உட்கார்ந்திருக்கும், பாதிப் பேர் அதைத் தொடுவார்கள். ஃபோலிக் அமிலம் வேலை செய்ய அது கடக்க வேண்டிய நொதியையே மெத்தோட்ரெக்சேட் பூட்டி வைத்திருக்கிறது. ஃபோலினிக் அமிலம் அந்தப் பூட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குவது. அந்த ஆள் பி-காம்ப்ளக்ஸ் கேட்டு நின்றதை நினைத்துக்கொள், உனக்குத் தப்பாது. அன்றிலிருந்து வார மருந்துக்கு நான் கிழமையைச் சொல்லி, உறையில் எழுதி, அவர் வாயால் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன். கூட்டம் கத்தினால் கத்தட்டும்.

மருந்துக்கிடங்கு நிர்வாகம் சப்பென்று இருக்கிறது என்றாயே. விலைப்படி ஏ.பி.சி., அவசியப்படி வி.ஈ.டி. என்று பொட்டலம் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று. நம் கரிசல்காட்டுக்கு வா. பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பையனைத் தூக்கி வருகிறார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, வாயில் நுரை, நெஞ்சில் கொரகொரப்பு. அட்ரோபின். ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம். மூன்று ஆம்பூலில் தொடங்கி, நெஞ்சு தெளியாவிட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பாக்க வேண்டும். மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்து நாலு. கால் மணி நேரத்தில் 45 ஆம்பூல். அலமாரியில் இருப்பது இருபது என்றால்? விலையைப் பார்த்தால் அட்ரோபின் சி வகை, கணக்கெழுதுகிறவர் கண்ணில்கூடப் படாது. உயிரைப் பார்த்தால் வி. அந்த இரண்டு எழுத்தையும் ஒரே மருந்தின் மேல் வைத்துப் பார், பாடம் அவ்வளவுதான். கண்மணி விரிந்துவிட்டதே என்று ஊசியை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் குறித்துக்கொள். நெஞ்சுச் சளி வறண்டதா என்பதுதான் கணக்கு.

சட்டத்தை நீயே பார்த்துக்கொள்வாய், அதில் எனக்குக் கவலையில்லை. ஒன்று மட்டும். எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று படிக்கும்போது, அந்தப் பட்டியலில் காசநோய் மருந்துகள் ஏன் இருக்கின்றன என்று யோசி. யோசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் படுக்க வைத்து, பாலும் முட்டையும் கொடுத்துப் பார்ப்பதற்கும், குடிசையிலேயே இருந்துகொண்டு மாத்திரை சாப்பிடுவதற்கும் பலனில் பெரிய வித்தியாசமில்லை என்று 1959-இல் உலகத்துக்கே சொன்னது அந்த மையம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கிளினிக்கல் பார்மசி வெளிநாட்டுச் சரக்கு என்று உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால் இதைச் சொல். பெயர்தான் அங்கிருந்து வந்தது.

இந்தத் தேர்வு முறையைப் பற்றி ஒரு பேச்சு. எங்கள் காலத்தில் டிப்ளமோ தேறினால் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலைக்கு வந்துவிடுவோம். 2022-இல் வந்த விதிப்படி உங்களுக்கு டிப்ளமோவுக்கும் பதிவுக்கும் நடுவில் ஒரு தேர்வு வாசல் வைத்துவிட்டார்கள். மூன்று தாள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். ஒன்றில் எண்பது வாங்கி இன்னொன்றின் நாற்பதை மூடி மறைக்க முடியாது. நமக்குப் பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்படுவது மனுஷ சுபாவம், நீ அதைத்தான் செய்கிறாய் என்று உன் சுவரைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த அட்டவணையை மறைக்கிற மாதிரி ஒரு தப்பு நோட்டு போடு. மாதிரித் தேர்வில் எது தப்பானதோ அதை மட்டும் அதில் எழுது. சரியான விடையை எழுதாதே, நீ ஏன் அந்தத் தப்பைத் தொட்டாய் என்பதை எழுது. "அவசரத்தில் 'தவிர' என்ற சொல்லைப் பார்க்கவில்லை" என்றால் அதையே எழுது. மறுநாள் ஒரு தரம், நாலு நாள் கழித்து ஒரு தரம், பத்து நாள் கழித்து ஒரு தரம் அந்த நோட்டைத் திற.

பாடம் இங்கிலீஷில், நோயாளி தமிழில். அதனால் படித்ததை அறைத்தோழியிடம் மதுரைத் தமிழில் சொல்லிப் பார். "ஹைப்போகிளைசீமியா" என்று சொல்லித் தப்பிக்க விடாதே என்று அவளிடம் சொல். சுகர் இறங்கினால் அம்மாச்சிக்கு எப்படி இருக்கும் என்று அம்மாச்சியிடம் சொல்கிற மாதிரிச் சொல்ல வராவிட்டால், உனக்கு அது இன்னும் புரியவில்லை.

இன்சுலின் கணக்கைப் போனில் கேட்டாய். சிவப்பு மூடி சிரிஞ்ச் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடியில் பத்துக் கோடு இழுத்தால், கால் மில்லி வரும், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. இரண்டையும் வாங்கி மேஜையில் வை. கையில் தொட்டுத் தண்ணீரை இழுத்துப் பார், புத்தகத்தை மூடிவிடலாம்.

கடைசியாக ஒரு சீட்டு, விடை சொல்ல மாட்டேன். சாப்டூர்ப் பக்கத்து ஆள், ஆஸ்துமா. வருஷக்கணக்காகத் தியோபிலின் மாத்திரை, அதே அளவு. வருஷக்கணக்காகப் பீடி. டாக்டர் திட்டியதில் ரோஷம் வந்து பீடியை விட்டுவிட்டார். மூன்றாவது வாரம் கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, குமட்டல். பீடி விட்டதால் வரும் ஏக்கம் என்று ஊரில் சொல்கிறார்கள். நடுவில் சிறுநீர் எரிச்சலுக்கு ஐந்து நாள் சிப்ரோஃப்ளாக்சசினும் சாப்பிட்டிருக்கிறார். என்ன நடந்தது, டாக்டரிடம் நீ என்ன சொல்வாய்? புத்தகத்தைத் திறக்காமல் ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா.

சனிக்கிழமை மத்தியானம் டி.கல்லுப்பட்டி வழியாக வந்துவிடு, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். கிளம்புவதற்கு முன் அத்தை போன் பண்ணி டைக்ளோஃபினாக் அட்டை ரெண்டு வாங்கி வா என்பாள். எனக்குத் தெரியாமல் வாங்கச் சொல்வாள். அவளுக்கு வயது 66, எடை 46, போன மாதம் எடுத்த கிரியாட்டினின் 1.1. கணக்கைப் பஸ்ஸிலேயே போட்டுவிடு. வந்ததும் விடையை நீயே அவளிடம் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

அன்புடன்,
மாமா